இரண்டு ரவிக்கையின் கனம்

ஆனந்தி கல்யாணமாகி நல்லுசாமி வீட்டுக்கு வந்த அன்று முதலில் பார்த்தது கொடியில் கிடந்த துணிகளைத்தான். வெள்ளைச் சட்டை சாம்பல் நிறத்தில் தொங்கியது. சுடிதார் முழுக்க நூல் மணி மணியாக உருண்டிருந்தது. துண்டுகள் அப்பளம் மாதிரி விறைத்துக் கிடந்தன. திண்டுக்கல்லில் ஒரு ரெடிமேட் கம்பெனியில், செக்கிங் பிரிவில் பல வருஷம் நின்றவள் அவள். துணியில் ஒரு பிசிறு தெரிந்தால் கை தானாக அங்கே போய்விடும்.

சித்தையன்கோட்டையைத் தாண்டி, தென்னந்தோப்புக்குள் தனியாக நின்றது அந்த வீடு. நல்லுசாமிக்குத் தென்னையும் அவரைப் பந்தலும் இருந்தன. அவருடைய முதல் மனைவி பொன்னழகு நாலு வருஷத்துக்கு முன்னால் வயல் கிணற்றில் துணி துவைக்கப் போனவள், படியில் வழுக்கி விழுந்து இறந்துபோனாள். காரியம் முடிந்த கையோடு அவர் டவுனுக்குப் போய் ஒரு வாஷிங் மெஷின் வாங்கிவந்து பின்கட்டில் வைத்தார். இனிமேல் இந்த வீட்டுப் பொம்பளை யாரும் கிணற்றுப் பக்கம் போகக்கூடாது என்றார். அதற்குமேல் அந்தப் பேச்சை அவர் எடுத்ததே இல்லை.

அந்த மெஷினை அதுவரை ஓட்டிக்கொண்டிருந்தது அவர்களுடைய மகள் தமிழ்மதி. பிளஸ் டூ படிக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை வந்தால் வீட்டிலுள்ள அத்தனை துணியையும் டிரம்முக்குள் கால் வைத்து மிதிக்காத குறையாகத் திணித்து, சோப்புத்தூளை அள்ளிக் கொட்டி, குயிக் என்று போட்டிருந்த பொத்தானை அமுக்கிவிட்டுப் போய்விடுவாள். போர்வெல் தண்ணீரோ உப்பு. அழுக்கும் போகாமல், சோப்பும் போகாமல், துணிதான் போய்க்கொண்டிருந்தது.

"இனிமே துணிய நான் பாத்துக்கிறேன் மதி" என்றாள் ஆனந்தி.

"என் துணிய நானே போட்டுக்கிறேன் சித்தி" என்று முகத்தைப் பார்க்காமல் சொன்னாள் தமிழ்மதி.

ஆனந்தி வற்புறுத்தவில்லை. தன்னுடையதையும் நல்லுசாமியுடையதையும் மட்டும் எடுத்துக்கொண்டாள். வெள்ளை தனி, சாயம் போகிறது தனி, தோட்டத்துச் சேறு பட்டது தனி. தோட்டத்துத் துணியை அலசி ஊறவைத்து ஹெவியில் போட்டாள். ரவிக்கை, சில்க் காட்டன் எல்லாம் வலைப்பைக்குள் போட்டு டெலிகேட்டில். மேலே ஒரு கை நுழையும் அளவுக்காவது இடம் விட்டாள். தூளைப் பாதியாகக் குறைத்து, அலசுவதை ஒரு தடவை கூட்டினாள். இரண்டு வாரத்தில் நல்லுசாமியின் சட்டை சட்டை மாதிரி ஆனது. ஒருநாள் காலையில் தமிழ்மதியின் சுடிதார்கள் ஆனந்தியின் கூடையில் மடித்து வைக்கப்பட்டிருந்தன.

வினை அவள் கண்ணில் பட்டது அதற்கப்புறம்தான்.

அந்த மெஷினில் துணி போட்டு மூடினால், தண்ணீர் விடுவதற்கு முன்னால் டிரம் வெறுமனே இப்படியும் அப்படியுமாகச் சுற்றிப் பார்க்கும். உள்ளே எவ்வளவு கனம் என்று தெரிந்துகொண்டு, அதற்குத் தக்க தண்ணீர் அளவை ஒன்றிலிருந்து பத்துக்குள் ஒரு எண்ணாகக் காட்டும். ஒரு புதன்கிழமை முற்பகலில் ஆனந்தி இரண்டு ரவிக்கையை மட்டும் டெலிகேட்டில் போட்டாள். டிரம் உறுமிக்கொண்டு சுற்றியது. எண் ஏழில் நின்றது.

தப்பாக அமுக்கிவிட்டோம் என்று நிறுத்தி, மறுபடி போட்டாள். ஏழுதான். ரவிக்கைகளை வெளியே எடுத்துவிட்டு வெறுமனே ஓட்டினாள். ஒன்று காட்டியது. ரவிக்கையைப் போட்டாள். ஏழு.

வத்தலக்குண்டிலிருந்து சர்வீஸ் பார்க்கும் முகேஷ்குமாரை வரச்சொன்னாள். வந்த பையன் சிரித்த முகமாகத்தான் வந்தான். வயர்களைப் பார்த்தான், மெஷினின் நாலு காலும் சமமாக நிற்கிறதா என்று ஆட்டிப் பார்த்தான், தன் தோளில் கிடந்த துண்டை உள்ளே போட்டு ஓட்டினான். இரண்டு காட்டியது.

"நல்லாத்தான இருக்கு அக்கா."

"எங்க துணியப் போட்டுப் பாருங்க தம்பி."

ஒரு தலையணை உறையைப் போட்டாள். எட்டு.

முகேஷ்குமார் மெஷினை அணைத்துவிட்டு, மூடியைத் திறந்து கையை விட்டு டிரம்மைச் சுற்றிப் பார்த்தான். அது சுற்ற மறுத்தது. இரண்டு கையாலும் தள்ளினான். கனத்த எதையோ உருட்டுகிற மாதிரி மெதுவாக நகர்ந்து நின்றது. உள்ளே அந்தத் தலையணை உறை மட்டும் ஒட்டிக்கொண்டு கிடந்தது.

"உள்ள ஏதோ கெடக்கு அக்கா. கனக்குது" என்றான். அவன் முகத்தில் இப்போது சிரிப்பு இல்லை.

அடியில் சுழலும் தட்டைக் கழற்றி எடுத்தான். அதன் கீழே சோப்புப் படிவு இருக்கும், சில்லறை இருக்கும், ஊக்கு இருக்கும். இங்கே இருந்தது சேறு. கறுத்த, வழுவழுப்பான சேறு. அதற்குள் சின்னச் சின்ன நத்தைக் கூடுகள்.

"கெணத்துத் தண்ணியா விடுறீங்க?"

"இல்லையே. போர்வெல் தண்ணி, மாடித் தொட்டியிலருந்து வருது."

அவன் சேற்றைச் சுத்தமாகத் துடைத்துவிட்டு, தட்டை மாட்டினான். கிளம்பும்போது பைக்கை உதைக்காமல் செத்த நேரம் நின்றான். "இதுல ரிப்பேர்னு ஒண்ணும் இல்லக்கா. ஆனா ஸ்பின் ஓடுறப்ப நீங்க பக்கத்துல நிக்காதீங்க" என்றான். ஏன் என்று அவள் கேட்பதற்குள் பைக்கை உதைத்துக் கிளம்பிவிட்டான்.

அடுத்த தடவை துணி எடுக்கும்போது ஆனந்தி பிசிறு சேரும் சின்ன வலைப்பையை வெளியே உருவினாள். வழக்கமாக அதில் சாம்பல் நிறத்தில் ஒரு பஞ்சுத் திரள் இருக்கும். அன்றைக்கு இருந்தது மெரூன் நிறம். நடுநடுவே பச்சை இழை. அவள் துவைத்தது வெள்ளைத் துணி. அந்த வீட்டில் துவைக்க வருகிற துணியில் மெரூன் நிறத்தில் ஒரு கைக்குட்டைகூடக் கிடையாது. அவளுக்குத் தெரியாத துணி அந்தக் கூடைக்கு வந்ததில்லை.

தனக்குத் தெரியாமல் தமிழ்மதி எதையோ கொண்டுவந்து போடுகிறாள் என்று நினைத்தாள். தண்ணீர் அளவும், சேறும்கூட இந்தப் பெண்ணின் வேலையாக இருக்குமோ என்று ஒரு நொடி தோன்றியது. அப்படி நினைத்ததில் ஒரு ஆறுதலும் இருந்தது.

சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வந்தவளிடம் கேட்டேவிட்டாள். "மதி, மெரூன் கலர்ல எதையாச்சும் மிஷின்ல போட்டியா?"

"நான் எதுக்குப் போடுறேன்? நீங்கதான் எங்கம்மா சேலைய எல்லாம் பீரோவுலருந்து எடுத்துத் தொவைக்கிறீங்க."

"நான் ஒங்கம்மா சேலையத் தொட்டதே இல்ல."

"பொய் சொல்லாதீங்க சித்தி. நீங்க தொவைக்கிற அன்னிக்கெல்லாம் பின்கட்டுல எங்கம்மா சோப்பு வாசம் அடிக்குது. நீலக் கட்டி சோப்பு. நாம தூள்தான வாங்குறோம்?"

அந்த வாசத்தை ஆனந்தியும் உணர்ந்திருந்தாள். தோட்டத்து ஆட்கள் யாரோ சோப்புப் போடுகிறார்கள் என்று விட்டிருந்தாள். கையிலிருந்த பிசிறை நீட்டினாள். தமிழ்மதி அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தாள். விரல்களுக்கு நடுவே வைத்துத் தேய்த்தாள். பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"இது என் பாவாடை."

"எந்தப் பாவாடை?"

"பழைய ஸ்கூல் யூனிபார்ம். அம்மா செத்த அன்னிக்குத் தொவைக்க எடுத்துட்டுப் போச்சு."

ஆனந்தி பக்கத்தில் உட்கார்ந்தாள். அந்தப் பெண் பிசிறை விட்டுக் கண்ணை எடுக்காமல் சொன்னாள். அன்றைக்குக் காலையில் அவள் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும்போது அம்மா வாசலில் துணி மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள். மெரூன் பாவாடை, அப்பாவுடைய நீலக் கட்டம் போட்ட சட்டை, தலையணை உறைகள், எல்லாவற்றையும் அப்பாவின் பச்சைத் துண்டில் வைத்து முடிச்சுப் போட்டாள். சாயங்காலம் பள்ளிக்கூடத்துக்கே ஆள் வந்து கூட்டிப்போனார்கள். தீயணைப்புக்காரர்கள் அம்மாவை எடுத்தார்கள். துணியை யாரும் தேடவில்லை. அந்த வருஷம் மழை நிறைய. கிணற்றில் தண்ணீர் விளிம்பு வரை கிடந்தது.

"படிக்கல்லுல துணி ஒண்ணும் இல்லியாம். சோப்பு மட்டும் இருந்துச்சாம்."

"அப்ப மூட்டை?"

"உள்ள போயிருக்கும்."

இவ்வளவு நாளும் தமிழ்மதி மெஷினை நிரப்பித் திணித்ததால் எண் எப்போதும் பத்தில்தான் நின்றிருக்கும், கூடுதல் கனம் வெளியே தெரிந்திருக்காது என்று ஆனந்திக்கு அப்போதுதான் உறைத்தது. தான் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்துப் போட ஆரம்பித்த பிறகுதான் அது தெரிய வந்திருக்கிறது. இத்தனை வருஷமும் ஒவ்வொரு துவைப்பிலும் அது கூடவே சுற்றிக்கொண்டிருந்திருக்கிறது.

மறுநாள் சனிக்கிழமை. நல்லுசாமி அய்யலூர்ப் பக்கம் தெரிந்தவருக்குக் கிடாய் பிடிக்கத் துணைக்குப் போயிருந்தார். உச்சி வெயில். தோப்பில் ஒரு மட்டைகூட அசையவில்லை. இரண்டு பேரும் பின்கட்டில் நின்றார்கள். தமிழ்மதி தன் துப்பட்டா ஒன்றை டிரம்முக்குள் போட்டாள். கைப்பிடிக்குள் அடங்குகிற துப்பட்டா. ஆனந்தி டெலிகேட் வைத்து மூடினாள்.

டிரம் திரும்பியது. எண் ஒன்பதில் நின்றது. தண்ணீர் கொட்ட ஆரம்பித்தது. மூடியின் கண்ணாடி வழியாக இரண்டு பேரும் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். துப்பட்டா மட்டும்தான் மிதந்தது. ஆனால் தண்ணீர், ஏராளமான துணியைச் சுமந்திருக்கிற மாதிரி மேடும் பள்ளமுமாகப் புரண்டது. துப்பட்டா நடுவில் அமுங்கி, எதற்கோ அடியில் போய், மறுபடி மேலே வந்தது.

பிறகு அந்தச் சத்தம் கேட்டது. டிரம் சுற்றுகிற சத்தம் இல்லை. தப், தப் என்று ஈரத் துணி கல்லில் விழுகிற சத்தம். மூன்று அடி, ஒரு புரட்டு, மறுபடி மூன்று அடி. நீலச் சோப்பின் வாசம் எழுந்தது.

ஆனந்தி பிளக்கைப் பிடுங்கக் கையை நீட்டினாள். தமிழ்மதி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வேணாம் சித்தி. அம்மா தொவைக்குது. அது இப்படித்தான் அடிக்கும்."

மெஷின் ஓடி முடியும் வரை அந்தக் கையை அவள் விடவில்லை.

நல்லுசாமி திரும்பி வந்ததும் ஆனந்தி எல்லாவற்றையும் சொன்னாள். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தொட்டுக்கொள்ள வைத்திருந்த வெஞ்சனத்தில் கை அப்படியே நின்றது.

"மிஷின வித்துருவோம்" என்றார்.

"வித்தா போயிருமாங்க? மூட்டை கெணத்துக்குள்ளதான கெடக்கு."

"கெடக்கட்டும். அதுல இருக்கறது அதுலயே இருக்கட்டும்." எழுந்து கையைக் கழுவிவிட்டு வெளியே போனார். அவர் அந்தக் கிணற்றை எட்டிப் பார்த்தே நாலு வருஷமாகிறது என்பது ஆனந்திக்குத் தெரியும். மோட்டார் போடுவதற்குக்கூட ஆளைத்தான் அனுப்புவார்.

அவள் துவைப்பதை நிறுத்தவில்லை. துணி அழுக்காகிக்கொண்டுதானே இருக்கிறது. ஒருநாள் அவள் டவுனுக்குப் போய்விட்டுத் திரும்பியபோது நல்லுசாமி பின்கட்டில், மெஷினுக்கு எதிரே ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். மெஷின் ஓடி முடிந்திருந்தது. அவருடைய ஒற்றைப் பனியன்தான் உள்ளே கிடந்தது.

"நீங்களா போட்டீங்க?"

அவர் தலையசைத்தார். "சங்கிலிய வரச் சொல்லியிருக்கேன். கெணறு தூர் எடுக்கணும்" என்றார்.

சங்கிலி கிணற்று வேலைக்காரர். கிரேனும் ஆட்களுமாக வந்து இறங்கினார். கோடையில் தண்ணீர் நன்றாகக் கீழே போயிருந்தது. மிச்சத்தை மோட்டாரால் இறைத்துவிட்டு, சங்கிலியே கூடையில் உட்கார்ந்து இறங்கினார். மேலே நல்லுசாமி கிணற்றிலிருந்து தள்ளி, ஒரு தென்னையைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஆனந்தியும் தமிழ்மதியும் விளிம்புக் கல்லருகே நின்றார்கள். கூடை கூடையாகக் கறுத்த சேறு மேலே வந்தது. அதில் சின்னச் சின்ன நத்தைக் கூடுகள் கிடந்தன. ஆனந்தி அவற்றைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மத்தியானத்துக்கு மேல் உள்ளேயிருந்து சங்கிலியின் குரல் வந்தது. "அண்ணே! ஒரு மூட்டை இருக்கு!"

கூடையில் அது மேலே வந்தது. சேறு வழிந்துகொண்டிருந்தது. துண்டின் பச்சை நிறம் அங்கங்கே தெரிந்தது. முடிச்சு போட்டபடியே இருந்தது. இரண்டு ஆட்கள் சேர்ந்து இறக்கி வைத்தார்கள், அவ்வளவு கனம்.

சங்கிலி மேலே வந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு ஆனந்தியிடம் மட்டும் தாழ்ந்த குரலில் சொன்னார். "மதினி, அண்ணன்கிட்ட சொல்லாதீங்க. அந்த மூட்டை சேத்துக்குள்ள பாதி பொதைஞ்சு கெடந்துச்சு. என் ஒருத்தன் கையால வராது. நான் ஒரு இழுவைதான் இழுத்தேன். கீழ இருந்து யாரோ தூக்கிக் குடுத்த மாதிரி வந்துருச்சு."

பின்கட்டில் வைத்து மூட்டையைப் பிரித்தார்கள். எல்லாம் மக்கிப்போயிருக்கும் என்று ஆனந்தி நினைத்திருந்தாள். சேற்றுக்குள் காற்றுப் படாமல் கிடந்ததாலோ என்னவோ, துணி துணியாகவே இருந்தது. ஓரங்கள் மட்டும் இற்றிருந்தன. மெரூன் பாவாடை. நீலக் கட்டச் சட்டை. உறைகள். ஆனந்தி ஒவ்வொன்றாகக் கையில் ஏந்திப் பார்த்தாள். முறுக்கக்கூடாது, வேகமாகச் சுற்றினால் கிழிந்துவிடும், சூடு ஆகாது. சேறு போக வாளியில் பல தடவை அமுக்கி எடுத்தாள். பிறகு பாவாடையை வலைப்பைக்குள் வைத்து, மெஷினில் இறக்கி, டெலிகேட் வைத்து, ஸ்பின்னை எடுத்துவிட்டு மூடினாள். தண்ணீர் சொட்டச் சொட்ட இருந்த அந்தப் பாவாடை கையை இழுக்கிற கனம் கனத்தது.

டிரம் லேசாகச் சுழன்றது. எண் ஒன்று என்று காட்டி நின்றது.

சட்டையையும் சேர்த்துப் போட்டாள். ஒன்று. உறைகள், துண்டு, எல்லாவற்றையும் போட்டாள். அப்போதும் ஒன்றுதான். உள்ளே எதுவுமே இல்லை என்று மெஷின் சொல்லிக்கொண்டிருந்தது.

ஆனந்தி நிறுத்தினாள். மூடியைத் திறந்து பார்த்தாள். எல்லாம் இருந்தன. தமிழ்மதி குனிந்து அவற்றை ஒவ்வொன்றாக வெளியே எடுத்தாள்.

"இது மிஷின்ல தொவைக்கிறது இல்ல சித்தி. கையிலயே தொவைப்போம்."

அவள் சைக்கிளை எடுத்துக்கொண்டு கடைக்குப் போய் நீலக் கட்டி சோப்பு வாங்கி வந்தாள். இரண்டு பேரும் தோட்டத்துத் தொட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து துவைத்தார்கள். அடிக்கவில்லை. உள்ளங்கையால் தேய்த்து, தொட்டித் தண்ணீரில் அலசி, பிழியாமல் தூக்கிப் பிடித்து வடியவிட்டார்கள். பாதியில் தமிழ்மதி அழ ஆரம்பித்தாள். ஆனந்தி அவள் கையிலிருந்த பாவாடையின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு அலசுவதைத் தொடர்ந்தாள். அழுது முடித்ததும் தமிழ்மதி அடுத்த உறையை எடுத்தாள்.

அடுத்த வாரம் ஆனந்தி இரண்டு ரவிக்கையை மெஷினில் போட்டபோது எண் இரண்டைத் தாண்டவில்லை. பிசிறு வலையில் வழக்கமான சாம்பல் பஞ்சுதான் இருந்தது. அவளுக்கு நிம்மதியாக இருந்தது. கூடவே, யாரோ வீட்டைவிட்டுக் கிளம்பிப்போன மாதிரி ஒரு வெறுமையும் இருந்தது. அதைத் தமிழ்மதியிடம் சொன்னபோது, "எனக்கும்தான்" என்றாள்.

ஆனால் அது அடுத்த வாரம். துவைத்த அன்றைக்கு நடந்ததுதான் ஆனந்திக்கு இன்றைக்கும் விளங்காதது.

பங்குனி வெயிலில் துணிகள் சீக்கிரமே காய்ந்துவிட்டன. நல்லுசாமி கொடியருகே வந்து நின்றார். நீலக் கட்டச் சட்டையைத் தொட்டுப் பார்த்தார். காலர் நைந்து, பட்டன் ஒன்று போயிருந்தது. எரித்துவிடச் சொல்வாரோ என்று ஆனந்தி பயந்தாள். அவர் உடுத்தியிருந்த சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டு அதை மாட்டிக்கொண்டார். சட்டை முறுகலாக, வெயிலின் சூட்டோடு இருந்தது. ஆனந்திதான் பட்டனைப் பூட்டிவிட்டாள். ஈரம் ஒரு பொட்டுகூட இல்லை. அவள் கை அறியாத துணி இல்லை.

அவர் கிணற்றை நோக்கி நடந்தார். தூர் எடுத்த கிணற்றில் புதுத் தண்ணீர் ஊறிக்கொண்டிருந்தது. விளிம்புக் கல்லில், கிணற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தார். பொழுது சாயும் வரை உட்கார்ந்திருந்தார். ஏதோ பேசுகிற மாதிரி உதடு அசைந்தது. இங்கேயிருந்து எதுவும் கேட்கவில்லை. யாரும் அவர் பக்கத்தில் போகவில்லை.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு எழுந்து வந்தார். கூடத்தில் ஏறி, ஆனந்தியைத் தாண்டி உள்ளே போகும்போதுதான் அவள் பார்த்தாள். சட்டையின் இரண்டு தோள்பட்டையும் நனைந்திருந்தன. மற்ற இடமெல்லாம் காய்ந்தே இருந்தது. ஒவ்வொரு தோளிலும் ஒரு கை வைத்த அளவுக்கு, விரல்கள் பிரிந்து தெரிகிற மாதிரி ஈரம். கிட்டே போனாள். நீலச் சோப்பு மணத்தது.

"சட்டையக் கழட்டுங்க. ஈரமா இருக்கு" என்றாள்.

நல்லுசாமி தோளைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"இருக்கட்டும் ஆனந்தி. தானா காயட்டும்" என்று சொல்லிவிட்டு, சாப்பிட உட்கார்ந்தார்.